காரமிட்ட வைக்கோலும் செம்மறியாட்டின் வயிறும்

ஒரு பவுண்டு கோதுமை மணியையும் ஒரு பவுண்டு கோதுமைத் தாளையும் தனித்தனியே எரித்து, வெளிப்படும் வெப்பத்தை அளந்து பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேற்றுமை இராது. சூரியனிடமிருந்து பயிர் பெற்ற சக்தியில் ஏறக்குறையப் பாதி மணியிலும் மற்றொரு பாதி தாளிலும் தங்கிவிடுகிறது. ஆயினும் மணியைத் தின்ற மாடு கொழுக்கிறது. தாளை மட்டும் தின்ற மாடு விலா எலும்பு தெரிய நிற்கிறது. இந்த முரண்பாட்டைக் குடியானவன் எக்காலத்தும் அறிந்திருந்தான். அதன் காரணத்தைத் தேடப் புகுந்த விஞ்ஞானிகளுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அத்தேடலின் நடுவே ஒரு பெரும் போரும், ஒரு நாட்டின் பட்டினியும், கணக்கில் நேர்ந்த ஒரு வியப்பான பிழையும் உள்ளன.

1813-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து தேசத்துத் தாவர நூலறிஞர் தெ கந்தோல் என்பார், மரத்திலுள்ள நார்ப்பொருள் ஒன்றுக்கு ‘லிக்னின்’ எனப் பெயரிட்டார். மரம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. 1838-இல் பிரெஞ்சு இரசாயனி அன்செல்ம் பாயன் மரத்தை நைட்ரிக் அமிலத்திலும் காரத்திலும் மாறி மாறி இட்டுப் பதப்படுத்தினார். அப்போது வெண்மையான நார் ஒன்று எஞ்சிற்று, அதுவே செல்லுலோஸ். கரைந்து போன மற்றப் பகுதியை, நாரின்மேல் படிந்து இறுகிய பொருள் என்று அவர் கருதினார். 1857-இல் ஜெர்மானியர் ஷுல்ட்சே அந்தப் படிவுப் பொருளுக்கே லிக்னின் என்ற பழைய பெயரைச் சூட்டினார். பெயர் நிலைத்துவிட்டது, பொருள் இன்னதென்று தெளிய இன்னும் நெடுங்காலம் ஆயிற்று.

செல்லுலோஸ் என்பது சர்க்கரைக் கண்ணிகள் ஒரே சீராகக் கோத்த நீண்ட சங்கிலி. அதைச் சூழ்ந்து நிற்கும் ஹெமிசெல்லுலோஸும் சர்க்கரைகளால் ஆனதே. லிக்னின் அவ்வாறன்று. வளையமான கரி அணுக்கூட்டங்கள் பல திசைகளிலும் ஒன்றோடொன்று பிணைந்து, ஒழுங்கற்ற வலையாக வளர்ந்து நிற்பது அது. கட்டடத்துக்கு உவமை சொன்னால் செல்லுலோஸை இரும்புக் கம்பி என்றும், லிக்னினை அதைச் சுற்றிக் கொட்டிய காங்கிரீட் என்றும் சொல்லலாம். ஆனால் உவமை ஓரளவுக்கே செல்லும். ஏனெனில் காங்கிரீட் கம்பியோடு இரசாயன முறையில் ஒட்டுவதில்லை. புல்லினப் பயிர்களிலோ லிக்னின் ஹெமிசெல்லுலோஸோடு கைகோத்து நிற்கிறது. அந்தக் கைகளாக அமைந்தவை ஃபெரூலிக் அமிலம், கூமாரிக் அமிலம் என்னும் சிறு பொருள்கள். இவற்றின் பிணைப்புகளில் ஒரு வகை காரத்துக்கு எளிதில் இளகிவிடும். பின்னால் வரும் கதை முழுவதும் இந்த ஒரு பலவீனத்தைப் பற்றியதே.

அசைபோடும் விலங்கின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதல் அறையே மிகப் பெரியது. அங்கே 39 பாகை வெப்பத்தில், காற்றில்லாத இருளில், கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. 1843-இலேயே குருபி, தெலபோன் என்ற இருவர் அவ்வறையில் ஓரணு உயிர்கள் இருப்பதைக் கண்டு அறிவித்தனர். 1884-இல் ஜெர்மனியில் தாப்பைனர், செல்லுலோஸைச் சிதைப்பது விலங்கின் சொந்தச் சாறுகள் அல்ல, நுண்ணுயிர்களே என்று காட்டினார். நாரை உடைத்து அவை வெளியிடும் அசெட்டிக் அமிலம் முதலியவையே ஆட்டுக்கும் மாட்டுக்கும் சக்தியளிக்கின்றன. செம்மறியாடு புல்லைத் தின்னவில்லை, புல்லைத் தின்னும் நுண்ணுயிர்ப் பண்ணையொன்றை வயிற்றில் வைத்துப் பராமரிக்கிறது என்று சொன்னாலும் தவறில்லை. செல்லுலோஸை உண்ணும் இந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து வளர்க்கும் வித்தை கைவர மேலும் அறுபதாண்டுகள் பிடித்தன. 1940-களில் அமெரிக்க விஞ்ஞானி ஹங்கேட்டுக்கே அது வாய்த்தது.

இந்தப் பண்ணையின் வாயிலில் லிக்னின் குறுக்கே நிற்கிறது. நுண்ணுயிரின் நொதி செல்லுலோஸை நெருங்க வேண்டுமானால் இடம் வேண்டும். தாளின் சுவரில் அந்த இடத்தை லிக்னின் அடைத்துக்கொண்டிருக்கிறது.

இனித் தீவன ஆராய்ச்சிக்கு வருவோம். ஜெர்மனியில் கெட்டிங்கன் நகருக்கு அருகே வேண்டெ என்னுமிடத்தில் ஹென்னெபெர்க், ஸ்டோமான் என்ற இருவரும் 1860-களில் ஒரு பகுப்பு முறையை நிலைநாட்டினர். தீவனத்தை முதலில் நீர்த்த கந்தக அமிலத்திலும், பின்பு நீர்த்த காரத்திலும் கொதிக்க வைப்பார்கள். கரையாமல் எஞ்சுவது ‘முரட்டு நார்’. அதுவே சீரணிக்கக் கடினமான பகுதி எனக் கொள்ளப்பட்டது. உலகெங்கும் தீவன மூட்டைகளின்மேல் அச்சிடப்படும் நார்க் கணக்கு இன்றளவும் பெரும்பாலும் இம்முறையின் வழிவந்ததே. இதில் ஒரு பெருங்குறை ஒளிந்திருந்தது. புல்லினத்து லிக்னினில் பெரும் பகுதி காரத்தில் கரையக்கூடியது. ஆகவே ஆய்வுக்கூடத்தில் காரம் ஊற்றியபோதே லிக்னின் நழுவி, நார்க் கணக்கிலிருந்து தப்பி, எளிதில் சீரணமாகும் மாவுப்பொருள் என்ற கணக்கிற்குள் புகுந்துவிட்டது. குற்றவாளியே சாட்சிகளின் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டான்! எளிதில் சீரணமாக வேண்டிய பகுதியைவிட முரட்டு நாரே நன்றாகச் சீரணமாகிறது என்ற விபரீத முடிவுகள் சில தீவனங்களில் கிடைத்தமைக்கு இதுவே காரணம்.

காரம் லிக்னினை நழுவச் செய்யும் என்றால், அந்தக் காரத்தைத் தீவனத்துக்கே இட்டால் என்ன? இக்கேள்வி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. அப்போது வைக்கோலைக் காரத்தில் வேகவைத்துக் காகிதக் கூழ் செய்யும் ஆலைகள் ஜெர்மனியில் இருந்தன. லைப்சிக் நகருக்கு அருகே மெக்கெர்ன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக இருந்தவர் ஓஸ்கார் கெல்னர். 1881 முதல் பதினோராண்டுகள் ஜப்பானில் விவசாய இரசாயனம் கற்பித்துத் திரும்பியவர். தீவனங்களின் மதிப்பை மாவுச்சத்தின் அளவில் நிறுத்துக் கூறும் கணக்கை வகுத்தவரும் அவரே. அவரும் கேலர் என்பாரும் 1900-ஆம் ஆண்டை ஒட்டி அத்தகைய வைக்கோற் கூழை எருதுகளுக்கு ஊட்டிச் சோதித்தனர். பாதிக்கும் குறைவாகவே சீரணமாகும் வைக்கோல், கூழான பிறகு ஏறக்குறைய முழுவதும் சீரணமாயிற்று. கொழுப்பை வளர்ப்பதில் சுத்தமான மாவுச்சத்துக்கு அது சளைக்கவில்லை. வைக்கோலில் அடங்கிய சர்க்கரையில் குறையேதும் இல்லை, அதை மூடியிருந்ததிலேயே குறை என்பது அன்றே உறுதியாகிவிட்டது. ஆனால் அழுத்தக் கொப்பரை, நிலக்கரி, காரம் ஆகிய மூன்றும் சேர்ந்து அந்தக் கூழின் விலையைத் தானியத்தின் விலைக்கே உயர்த்திவிட்டன. சமாதான காலத்தில் அதற்கு யாரும் விலை கொடுப்பாரில்லை.

1914-இல் போர் வந்தது. பிரிட்டனின் கடற்படை ஜெர்மனிக்குச் செல்லும் கப்பல்களைத் தடுத்தது. அதுவரை வெளிநாடுகளிலிருந்து பெருவாரியாக வந்துகொண்டிருந்த பார்லி, பிண்ணாக்கு முதலிய தீவனங்கள் நின்றன. மக்கள் உண்ணும் உருளைக்கிழங்கைப் பன்றிகள் தின்றுவிடுகின்றன என்று அறிஞர் சிலர் கணக்குப் போட்டுச் சொல்ல, 1915-இல் இலட்சக்கணக்கான பன்றிகள் வெட்டப்பட்டன. பின்னர் இறைச்சியும் கொழுப்பும் கிடைக்காமல் போனபோது அந்த யோசனையைச் சபிக்காதவர் இல்லை. 1916-17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்கு விளைச்சலும் பொய்த்தது. மாட்டுக்கு இடும் டர்னிப் கிழங்கைத் தின்று மக்கள் உயிர் பிழைத்தனர். அந்த நாட்டில் அன்று தாராளமாக இருந்த பொருள் வைக்கோல் ஒன்றே.

பெர்லினை அடுத்த டாலெம் என்னுமிடத்தில் 1912-இல் திறக்கப்பட்ட கைசர் வில்ஹெல்ம் இரசாயனக் கழகத்தின் முதல் தலைவர் எர்ன்ஸ்ட் பெக்மன். 1853-இல் பிறந்த அவர் அப்போதே உலகப் புகழ் பெற்றிருந்தார். வெப்பத்தின் மிகச் சிறு ஏற்றத்தாழ்வையும் காட்டும் பெக்மன் வெப்பமானி அவர் பெயரால் வழங்குவது. 1886-இல் அவர் கண்ட ஓர் இரசாயன மாற்றம், பிற்காலத்தில் நைலான் வகையொன்றைச் செய்யும் தொழிலுக்கு அடிப்படையாயிற்று. இத்தகையவர் அறுபது வயதுக்கு மேல் வைக்கோலை ஊறவைப்பதில் இறங்கினார். பஞ்சம் எவரையும் எங்கும் கொண்டு செல்லும்.

பெக்மன் செய்த மாறுதல் மிக எளிமையானது. கொப்பரையையும் நெருப்பையும் நீக்கிவிட்டார். வைக்கோலின் எடையைப் போல் எட்டு மடங்கு தண்ணீரில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு காஸ்டிக் சோடாவைக் கரைத்து, அதில் வைக்கோலைச் சாதாரண வெப்பத்தில் ஊறப் போட்டார். முதலில் மூன்று நாள் ஊறவைத்தார். பிறகு சில மணி நேரமே போதும் என்று கண்டார். ஊறியதும் காரம் நீங்கும்வரை தண்ணீரில் அலசி, ஈரத்தோடு மாட்டுக்கு இட வேண்டியதுதான். சீரணமாகும் பங்கு நூற்றுக்கு 45-ஐ ஒட்டி இருந்தது. அது 70-ஐ ஒட்டி உயர்ந்தது. ஒரு தொட்டியும், கிணறும், கொஞ்சம் சோடாவும் உள்ள எந்தப் பண்ணையிலும் செய்யத்தக்க முறை இது. 1919-க்கும் 1921-க்கும் இடையில் இம்முறை உலகறிய வெளியாயிற்று. அதற்குள் போர் முடிந்துவிட்டது. பட்டினியால் மாண்டவர்களுக்கு அது பயன்படவில்லை. பெக்மனும் 1923-இல் காலமானார்.

இரண்டாம் உலகப் போரில் முறை மீண்டும் தலையெடுத்தது. பிரிட்டனில் பண்ணைகள் தோறும் தொட்டி கட்டி வைக்கோலை ஊறவைக்க ஊக்கம் அளித்தார்கள். நார்வேயிலோ போருக்குப் பின்னும் அதைக் கைவிடவில்லை. அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை, தானிய நிலத்துக்குத்தான் பஞ்சம். இருப்பினும் முறையில் இரண்டு குறைகள் இருந்தன. ஒரு கிலோ வைக்கோலை அலச ஐம்பது லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். அந்தக் கார நீர் ஓடையில் கலந்து மீனைக் கொல்லும். மற்றொன்று, அலசும் நீரோடு வைக்கோலின் உலர் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். போனதில் லிக்னினும் உண்டு. ஆட்டுக்குப் பயன்படக்கூடிய ஹெமிசெல்லுலோஸும் உண்டு.

1964-இல் கனடாவில் வில்சன், பிக்டன் என்ற இருவர் இந்தச் சிக்கலை ஒரு வெட்டில் அறுத்தனர். அலச வேண்டாம், அடர்ந்த காரத்தைச் சிறிதளவு தெளித்து அப்படியே விட்டுவிடலாம் என்றனர். தண்ணீரும் மிச்சம், பொருளும் மிச்சம். இங்கேதான் லிக்னினின் வரலாறு புதுத் திருப்பம் பெறுகிறது. பெக்மன் முறையில் கரைந்த லிக்னின் ஓடையோடு போயிற்று. தெளிக்கும் முறையில் அது எங்கும் போகவில்லை. தீவனத்திலேயே தங்கி, ஆட்டின் வாய்க்குள் போகிறது. அதன்பின் அதற்கு என்ன நேர்கிறது?

இதை அறியும் சோதனை பொறுமை வேண்டும் வேலை. காயடித்த கிடாய்களைத் தனித்தனிக் கூண்டில் நிறுத்தி, பின்புறம் பையொன்று கட்டி, தின்னும் ஒவ்வொரு பிடியையும் நிறுத்து, இடும் ஒவ்வொரு புழுக்கையையும் சேகரித்து, உலர்த்தி, அரைத்துப் பகுப்பார்கள். வயிற்றைப் பழக்க முதலில் பத்து நாட்களுக்குக் குறையாமல் வேண்டும். பிறகு ஒரு வாரம் அல்லது பத்து நாள் சேகரிப்பு. உட்சென்றது இவ்வளவு, வெளிவந்தது இவ்வளவு, இடையில் மறைந்தது இவ்வளவு என்பதே கணக்கு. இதைச் சுருக்க ஒரு குறுக்கு வழி தோன்றிற்று. 1946-இல் அமெரிக்காவில் எல்லிஸ், மேட்ரோன், மேனார்டு ஆகிய மூவரும், 72 சதவிகிதக் கந்தக அமிலத்தால் லிக்னினை அளந்து, அதையே அடையாளப் பொருளாகக் கொள்ளலாம் என்றனர். லிக்னின் சற்றும் சீரணமாவதில்லை என்று வைத்துக்கொண்டால் தீவனத்தில் நூற்றுக்கு 8 பங்கும் புழுக்கையில் 16 பங்கும் லிக்னின் இருக்கும்போது, தின்றதில் பாதி சீரணமாயிற்று என்று பையும் கூண்டும் இல்லாமலே சொல்லிவிடலாம்.

சாதாரணப் புல்லுக்கு இக்கணக்கு ஓரளவு பொருந்திற்று. காரமிட்ட வைக்கோலில் அது குப்புற விழுந்தது. தின்ற லிக்னினில் கணிசமான பங்கு புழுக்கையில் காணப்படவில்லை. நூறு கிராம் தீவனத்தில் இருந்த 8 கிராம் லிக்னினில் 2 கிராம் காணாமற் போனது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் ஐம்பது கிராம் புழுக்கை வந்திருந்தால் அதில் லிக்னின் 12 பங்கே இருக்கும். குறுக்கு வழிக் கணக்கோ, மூன்றில் ஒரு பங்குதான் சீரணமாயிற்று என்று கூறும். பாதியை மூன்றிலொன்றாக்கும் அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரு புது முறை நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. குடியானவன் அதை நம்பிச் செலவு செய்வதும் விடுவதும் அந்தத் தீர்ப்பைப் பொறுத்தது.

அங்ஙனமாயின் ஆடு லிக்னினைச் சீரணித்துவிட்டதா? சிலர் ஆம் என்றனர். ஐயத்துக்கு இடம் இருந்தது. ஏனெனில் காற்றில்லாத இடத்தில் லிக்னினின் வலையை அறுக்கவல்ல நுண்ணுயிரை எவரும் முதல் இரைப்பையில் கண்டதில்லை. 1929-இலேயே சோங்கா, பிலிப்ஸ், ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் மூவர் ஒரு குறிப்பை விட்டுச் சென்றிருந்தனர். பிரித்தெடுத்த லிக்னினை நாய்க்குக் கொடுத்தபோது அது மாறாமல் வெளிவந்தது. பசுவுக்குக் கொடுத்தபோதோ அதிலுள்ள மீதாக்சில் என்னும் அணுத்தொகுதியில் ஒரு பங்கு கழன்றுபோயிருந்தது. வலை அறுபடவில்லை, அதன் ஓரத்துக் குஞ்சங்கள் மட்டும் உதிர்ந்தன என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

விடை கிடைக்கச் செம்மறியின் வயிற்றுக்குள்ளேயே பார்க்க வேண்டியதாயிற்று. தென்னாப்பிரிக்காவில் ஒண்டர்ஸ்டபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் 1938-இல் குவினும் அவர் தோழர்களும், செம்மறியின் விலாப்புறம் துளையிட்டுக் குழாய் பொருத்தி, அதன் வழியே தீவனம் அடைத்த பட்டுப் பைகளை முதல் இரைப்பையில் தொங்கவிட்டு, நேரம் பார்த்து வெளியே எடுத்தனர். பட்டுக்குப் பதில் நைலான் வந்ததும் முறை எளிதாயிற்று. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ரௌவெட் கழகத்தில் இருந்த ஓர்ஸ்கோவ், மெக்டொனால்டு இருவரும் 1979-இல் அதற்குக் கணித வடிவம் தந்தனர். பையிலிட்ட காரமிட்ட வைக்கோலில் செல்லுலோஸோடு லிக்னினிலும் ஒரு பங்கு மறைந்தது. ஆனால் பையிலிருந்து மறைவது வேறு, சீரணமாவது வேறு. பையை விட்டு வெளியேறியது இரைப்பை நீரில் மிதந்துகொண்டிருக்கலாம் அல்லவா?

அப்படியே மிதந்துகொண்டிருந்தது. 1975-இல் ஆஸ்திரேலியாவில் கெய்லார்ட், ரிச்சர்ட்ஸ் இருவரும், மாட்டின் முதல் இரைப்பை நீரில் லிக்னினும் சர்க்கரைத் துண்டுகளும் ஒட்டிய கலவைப் பொருள் கரைந்து நிற்பதைக் கண்டறிந்தனர். நுண்ணுயிர்கள் சுற்றியிருந்த ஹெமிசெல்லுலோஸைத் தின்றுவிட, அதில் ஒட்டிக்கொண்டிருந்த லிக்னின் துணுக்குகள் வாலில் சிறிது சர்க்கரையோடு நீரில் விடுபட்டன. காரமிட்ட வைக்கோலில் இந்த விடுபடுதல் இன்னும் அதிகம். பிணைப்புக் கைகளைக் காரம் முன்னமே வெட்டி வைத்திருக்கிறது அல்லவா?

இந்தத் துணுக்குகள் நீரோடு நீராக மூன்றாம் அறையைக் கடந்து நான்காம் இரைப்பையை அடைகின்றன. முதல் அறையில் அமிலமும் காரமும் மிகாமல் ஏறக்குறைய நடுநிலை நிலவுகிறது. நான்காம் அறையிலோ மனித இரைப்பையைப் போலவே கடும் அமிலம். காகித ஆலைத் தொழிலாளி எவருக்கும் தெரிந்த உண்மை ஒன்றுண்டு: காரத்தில் கரைந்த லிக்னின்மேல் அமிலம் ஊற்றினால் பழுப்பு வண்டலாக அடியில் படியும். செம்மறியின் நான்காம் இரைப்பையில் நடப்பதும் அதுவே. கரைந்த லிக்னின் திரும்பவும் திரிந்து வண்டலாகிறது. குடலில் அமிலம் தணியும்போது ஒரு பகுதி மறுபடி கரையலாம். எப்படியாயினும் அது குடற்சுவரைத் தாண்டி இரத்தத்தில் கலப்பதில்லை. நுண்தூளாகப் புழுக்கையோடு வெளியேறுகிறது.

வெளியேறுகிறதென்றால் கணக்கில் ஏன் காணோம்? இங்கே மீண்டும் ஆய்வுக்கூடத்தின் சல்லடை குறுக்கிடுகிறது. அமெரிக்க விவசாயத் துறையின் பெல்ட்ஸ்வில் நிலையத்தில் வான் சூஸ்ட் 1963-இல் வகுத்த புது முறை, வேண்டெ முறையின் பழங்குறையைப் பெரிதும் நீக்கியது. நார் பற்றிய அறிவில் அது ஒரு பெரும் பாய்ச்சல். ஆனால் அமிலம் கலந்த சலவைப்பொருள் கரைசலில் கொதிக்க வைக்கும் அம்முறையிலும் புல்லினத்து லிக்னினில் ஒரு பங்கு கரைந்து வடிகட்டியின் வழியே நழுவுகிறது. சுவீடன் தேசத்துக் கிளாசன் பெயரால் வழங்கும் பழைய முறையில் அந்தப் பங்கு அகப்படுகிறது. 1990-களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹாட்பீல்டு முதலானோர் இரு முறைகளையும் ஒப்பிட்டபோது, புற்களில் கிளாசன் அளவு மற்றதைவிட இருமடங்குக்கும் மேலாக வந்தது. ஆகவே ஆடு சீரணித்ததாகச் சொல்லப்பட்ட லிக்னினில் ஒரு பகுதியைச் சீரணித்தது ஆடன்று, வடிகட்டியே. 1860-களில் நழுவிய அதே குற்றவாளி நூறாண்டுக்குப் பின் வேறொரு கதவால் நழுவியிருந்தான்.

எல்லாமே மாயக்கணக்கு என்று தள்ளிவிடவும் இயலாது. பிணைப்புக் கைகளாக இருந்த ஃபெரூலிக், கூமாரிக் அமிலங்கள் மெய்யாகவே ஆட்டின் உடலுக்குள் போகின்றன. லிக்னினை அளக்கும் முறைகள் சிலவற்றில் இவையும் அதன் கணக்கிலேயே சேர்ந்துவிடும். முதல் இரைப்பையின் நுண்ணுயிர்கள் இவற்றை வேறு அமிலமாக மாற்ற, அது இரத்தத்தில் கலந்து, கல்லீரலில் பென்சாயிக் அமிலமாகி, கிளைசின் என்ற பொருளோடு கூடி, ஹிப்பூரிக் அமிலமாகச் சிறுநீரில் இறங்குகிறது. 1829-இல் லீபிக் குதிரையின் சிறுநீரில் கண்டு, குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டது இதே அமிலத்துக்குத்தான். வைக்கோலின் லிக்னினை ஒட்டி நின்ற துண்டு ஒன்று மூத்திரத்தில் வந்து நிற்கிறது. ஆனால் இதனால் ஆட்டுக்குக் கிடைக்கும் சக்தி சொற்பம். கிளைசினாகச் செலவாகும் நைட்ரஜனைக் கணக்கிட்டால் நஷ்டம் என்றுகூடச் சொல்லலாம்.

காரத்தோடு நில்லாமல் வேறு மருந்துகளையும் ஆராய்ச்சியாளர் தேடினர். இஸ்ரேலில் பென்-கெதாலியா, மிரோன் என்போர் 1981-இல் ஓசோன் வாயுவையும் கந்தக டை-ஆக்சைடையும் காரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். காரம் பிணைப்பை அவிழ்க்கிறது. ஓசோனோ லிக்னினின் வளையத்தையே உடைத்து நொறுக்குகிறது. அமெரிக்காவில் பியோரியா நகரில் கௌல்டு 1984-இல் ஹைட்ரஜன் பெராக்சைடைக் காரத்தோடு சேர்த்துப் பயன்படுத்தி, லிக்னினில் ஏறத்தாழப் பாதியை நீக்கினார். மறு ஆண்டே கெர்லியும் மற்றவர்களும் அத்தகைய வைக்கோலைச் செம்மறிகளுக்கு ஊட்டி வெற்றி கண்டனர். இவை யாவும் ஆய்வுக்கூடத்தில் அழகாக இருந்தன. செலவுக் கணக்கில்தான் தோற்றன.

சோடாவிலும் ஓர் எல்லை தென்பட்டது. கண்ணாடிக் குழாயில் காரத்தை ஏற்ற ஏற்றச் சீரணமும் ஏறிக்கொண்டே போகிறது. ஆட்டிலோ நூறு கிராம் வைக்கோலுக்கு நான்கைந்து கிராம் சோடாவோடு ஏற்றம் நின்றுவிடுகிறது. காரணம் எளியது. உட்சென்ற சோடியத்தைக் கழிக்க ஆடு தண்ணீரை மேலும் மேலும் குடிக்கிறது, மேலும் மேலும் சிறுநீர் கழிக்கிறது. இரைப்பையில் நீரோட்டம் விரைவாகி, நுண்ணுயிர்கள் வேலையை முடிக்குமுன் தீவனம் வெளியே தள்ளப்படுகிறது. குழாயிலிருப்பது எங்கும் ஓடுவதில்லை. ஆட்டின் வயிற்றிலிருப்பது ஓடிக்கொண்டே இருக்கிறது.

அம்மோனியா இந்தச் சோடியத் தொல்லையிலிருந்து விடுவித்தது. 1970-களில் நார்வேயின் சுன்ஸ்டோல் முதலானோர், வைக்கோற் போரைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி உள்ளே அம்மோனியா வாயுவைச் செலுத்தும் முறையைப் பரப்பினர். நூறு கிலோ வைக்கோலுக்கு மூன்று கிலோ வாயு போதும். பிணைப்புகளும் இளகும், நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நைட்ரஜனும் சேரும். ஆயினும் சர்க்கரை மிகுந்த நல்ல புல்லை இப்படிப் பதப்படுத்தினால் நஞ்சு உண்டாகி, மாடுகள் வெறிபிடித்து ஓடிய நிகழ்ச்சிகளும் உண்டு. மட்டமான வைக்கோலுக்கு மருந்தாவது நல்ல தீவனத்துக்கு விஷமாகிறது.

அம்மோனியா உருளைகள் கிடைக்காத ஆசிய நாடுகளில் யூரியா உரம் அதன் இடத்தைப் பிடித்தது. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, இரண்டு மூன்று வாரம் காற்றுப் புகாமல் மூடிவைத்தால் யூரியா சிதைந்து அம்மோனியா பிறக்கும். 1980-களில் இலங்கையின் பேராதனையிலும், இந்தியாவிலும், வங்காள தேசத்திலும் இதைக் குறித்து மிகுந்த ஆராய்ச்சி நடந்தது. சீனாவில் அரசாங்கமே முன்னின்று பரப்பியது. நெல் வைக்கோலில் ஒரு தனித்தன்மை உண்டு. கோதுமைத் தாளைவிட அதில் லிக்னின் குறைவு, மணற்சத்தான சிலிக்கா மிக அதிகம். ஐரோப்பியத் தாளுக்குக் கண்ட கணக்கு அப்படியே இங்குப் பொருந்தவில்லை. ஆராய்ச்சி நிலையத்து மாடுகள் நன்றாகவே தின்று தேறின. ஆனால் இலங்கை, இந்தியக் கிராமங்களில் முறை வேரூன்றவில்லை. யூரியாவின் விலை, மூடும் பாலித்தீன், தண்ணீர் சுமக்கும் வேலை இவற்றையெல்லாம் கூட்டி, கூடுதலாகக் கிடைத்த பாலின் விலையோடு ஒப்பிட்ட குடியானவர், வைக்கோலோடு கொஞ்சம் பச்சைப்புல்லும் பிண்ணாக்கும் சேர்த்து இடுவதே மேல் என்று முடிவு செய்தனர். அந்தக் கணக்கில் பிழையொன்றும் இல்லை.

லிக்னினின் வலையை மெய்யாக அறுக்கும் உயிர் காட்டில் இருக்கிறது. விழுந்த மரங்களை வெண்மையாக உளுக்கச் செய்யும் பூஞ்சைகள் அவை. 1983-இல் அமெரிக்காவில் தியென், கெர்க் ஆகியோரும், தனியே வேறொரு குழுவினரும், அத்தகைய பூஞ்சையிலிருந்து லிக்னினைத் தாக்கும் நொதியைப் பிரித்தெடுத்தனர். அந்நொதி வேலை செய்ய ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். அதை உண்டாக்கப் பிராணவாயு வேண்டும். 1975-இல் கேம்பிரிட்ஜில் ஓர்பின் செம்மறியின் முதல் இரைப்பையிலேயே காற்றின்றி வாழும் பூஞ்சையைக் கண்டபோது, லிக்னினை உண்ணும் உயிர் கிடைத்ததோ என்ற ஆவல் எழுந்தது. அப்பூஞ்சை தன் வேர்களால் தாளின் இறுகிய திசுவைப் பிளக்கிறது, லிக்னினில் சிறிதைக் கரைத்தும் விடுகிறது. ஆனால் அதை உணவாகக் கொள்வதில்லை. காட்டுப் பூஞ்சையைக் கொண்டு வைக்கோலை முன்கூட்டியே பதப்படுத்தும் முயற்சிகளும் நடந்தன. லிக்னினை அறுக்கும் கூலியாகப் பூஞ்சை, ஆட்டுக்குரிய சர்க்கரையில் ஒரு பங்கை முதலில் தான் தின்றுவிடுகிறது. ஆட்டின் புழுக்கையோடு வயலில் விழும் லிக்னின், அங்கே காற்றுப்பட்ட மண்ணில் அதே இனத்துப் பூஞ்சைகளிடம் மெல்ல மெல்லச் சிதைந்து, ஒரு பங்கு கரியமில வாயுவாகவும் மறு பங்கு மண்ணின் கருமையாகவும் மாறுகிறது.